தகவல்: குடும்பத்தினர்

வவுனியாவில் ஒலிபரப்புத்துறை படித்த முதல் வருடம், வானொலி வகுப்பில் ஆளுக்கொரு மரண அறிவித்தல் எழுதி வாசிக்கச் சொன்னார்கள். எங்கள் வானொலிகளில் நாள்தோறும் போவதுதான். "வாசிக்கிறவை அழக்கூடாது, கேக்கிறவைதான் அழோணும்" என்றார் விரிவுரையாளர். மற்றவர்கள் இல்லாத ஆட்களுக்குப் பெயர் வைத்து எழுதினார்கள். நான் அப்பாவின் பெயரை எழுதினேன். வேறு பெயர் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

அப்பா போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் அக்கராயனை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார் என்று நிதானமாக வாசித்தேன். அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்ற இடங்களிலும் குரல் தளம்பவில்லை. முடிவில் வழக்கமான வரி: "தகவல்: குடும்பத்தினர்." வகுப்பில் எனக்குத்தான் கூடிய புள்ளி.

அந்தச் சந்தோஷப் புளுகத்தில், வீட்டுக்குப் போனதும் நான் வாசித்த பதிவை அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துப் போட்டுக் காட்டினேன். என் குரலைத்தான் கேட்பார் என்று நினைத்திருந்தேன். என்ன விசர் வேலை! அப்பாவின் படத்துக்கு இன்றுவரை மாலை போட விடாதவர் அவர். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, கடைசிவரை கேட்டார்.

"வடிவா வாசிச்சிருக்கிறாய் பிள்ளை."

நான் அவர் கையிலிருந்த ஃபோனை எடுக்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"குடும்பத்தினர் எண்டா அதிலை நானுந்தானே? நான் ஆருக்கும் அப்பிடி ஒரு தகவல் குடுக்கேல்லையே."