சொடக்கு வராத முதுகு

மைசூரு அரசு சுகாதார நிலையங்களில் ஆஸ்டியோபதி படித்த முதல் டாக்டர் நான்தான். எம்.பி.பி.எஸ். முடித்து வெளிநாடு போய், எலும்பையும் தசையையும் கையாலேயே தொட்டறிந்து சரிசெய்யும் அந்தப் படிப்பை முடித்துத் திரும்பினேன். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, "இவ்வளவு படிச்சது சுளுக்கு எடுக்கவா?" என்று கேட்டார். சக டாக்டர்கள் அதையே கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காட்டுகிறேன் பார் என்று ஒரு வீம்பு உள்ளே உட்கார்ந்துகொண்டது. அந்த வீம்பு ஒரு மனிதரின் காலில் போய் முடியும் என்று அப்போது தெரியாது.

எங்கள் நிலையம் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய தேவராஜ மொஹல்லாவில். வியாழக்கிழமை காலை முதுகு வலிக்கென்றே தனி ஓ.பி. நடத்தினேன். வந்தவர்கள் பெரும்பாலும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். முதுகை ஒரு திருப்புத் திருப்பியதும் 'சொடக்' என்று கேட்டால்தான் அவர்களுக்கு வைத்தியம். பெஞ்சில் காத்திருப்பவர்கள் "ரெண்டு வந்துச்சு, மூணு வந்துச்சு" என்று எண்ணுவார்கள். திரை போட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினார்கள். அது மூட்டுக்குள் இருக்கும் காற்றின் சத்தம், அதில் ஒன்றுமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் யார் கேட்டார்கள்? உண்மையில் எனக்கும் அந்த எண்ணிக்கை பிடித்துத்தான் இருந்தது.

முதுகில் கை வைக்குமுன் மூன்று கேள்விகள் கேட்பேன். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைக்கிறதா, படுத்தாலும் வலி விடவில்லையா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அழுத்தக்கூடாது, எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். நானே போட்ட விதி. கன்னடத்திலும் தமிழிலும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

இந்த ஓ.பி. தொடரலாமா என்று பார்க்க ஒரு வியாழக்கிழமை மேலதிகாரி வந்தார். வந்தவர் உட்காரவில்லை. என் பின்னாலேயே நின்றார். பெஞ்சிலிருந்தவர்கள் வாழைத்தார் சுமக்கும் ஒருவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், நாற்பது வயதிருக்கும். குப்புறப் படுத்தார். சட்டைக்குள் ஆள் மெலிந்திருந்தது கண்ணில் பட்டது.

எங்கள் கன்னட நர்ஸ் என் காதருகே வந்து, "மேடம், ஜ்வர இருக்கா கேக்கலியே?" என்றாள்.

"அப்புறம் கேக்கலாம்மா."

நடு முதுகில் ஓர் எலும்பு லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் தசை பலகை மாதிரி இறுகியிருந்தது. என் கை தானாக நின்றது. நான் படித்ததெல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான். வேண்டாம் என்று கை தெளிவாகச் சொன்னது. பின்னால் அதிகாரி தொண்டையைச் செருமினார். நான் அழுத்தினேன்.

சத்தம் வரவில்லை. பெஞ்சில் யாரும் எண்ணவில்லை. அவர் மெல்ல எழுந்து அதிகாரியைப் பார்த்து, "லேசாயிருச்சுங்க" என்றார். அதிகாரிக்குத் திருப்தி. மறுநாளே எக்ஸ்ரேக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

அவர் வரவில்லை. மூன்றாம் நாள் மார்க்கெட்டுக்கே போய் வாழைக்காய் மண்டிகளில் விசாரித்தேன். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் ஆட்டோ நின்றால் எழுந்து போய்ப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஆட்டோ அவரைத்தான் கொண்டுவந்தது. இரண்டு பேர் தோளில் தாங்கி உள்ளே கூட்டிவந்தார்கள்.

"பஞ்சு மேல நடக்கறாப்ல இருக்குதுங்க டாக்டரம்மா. காலு என்னுதாட்டவே இல்லீங்க."

முதுகெலும்பில் டி.பி. அரித்துப்போன எலும்பு நொறுங்கி, நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி நடப்பாரா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார் சர்ஜன். எலும்பு எதனால் நொறுங்கியது என்று என்னை யாரும் கேட்கவில்லை. நோய் முற்றிவிட்டது என்று எழுதினார்கள்.

இதற்குள் அவர் மனைவி, "டாக்டரம்மா கை வெச்சதுமே கண்டுபுடிச்சு எக்ஸ்ரேக்கு வரச் சொன்னாங்க, இந்த மனுசன்தான் போகலை" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதிகாரி அதையே எழுதி ஓ.பி.யை நிரந்தரமாக்கினார். டாக்டர்கள் கை குலுக்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால் மற்றவர்களையும் சோதிக்க வேண்டும். அவளுக்கு ஒரு மாதமாக இருமல். சளியில் டி.பி. இருந்தது. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று முதலில் ஒரேயடியாக மறுத்தாள். பிறகு, "நீங்க குடுத்தா திங்கறனுங்க" என்றாள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. நடுவில் விட்டால் நோய் இன்னும் மோசமாகத் திரும்பும்.

அன்றைக்குத்தான் என்னால் தாங்க முடியாமல் அவர் படுத்திருந்த வார்டுக்குப் போனேன். மனைவி வெளியே டீ வாங்கப் போயிருந்தாள்.

"அன்னைக்கு நான் அழுத்தியிருக்கக் கூடாது. கைக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அழுத்தினேன்" என்றேன்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"தெரியுமுங்க. அப்பவே உள்ள ஏதோ நழுவுச்சு. பெரிய ஆபீசரு நின்னாருங்கல்ல, உங்களுக்குக் கெட்ட பேரு வந்துருமேன்னுதான் லேசாயிருச்சுன்னு சொன்னனுங்க."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நடந்ததை ஆபீசருக்கு எழுதிக் குடுத்துடறேன். எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றேன்.

"அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. உங்களை நம்பித்தான் மாத்திரை திங்கறேன்னு சொல்லியிருக்கறா. அந்த ஆறு மாசம் முடியட்டுமுங்க."

அவள் டீயோடு வந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் மாதத்து மாத்திரைகளை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.