சுருட்டி வைத்த கம்பளம்

மகள் தன் புது வீட்டுக்குக் கம்பளம் பார்க்க என்னையும் கூட்டிப்போனாள். கடைக்காரர் ஒன்றை விரித்து, மூலையைப் புரட்டி முடிச்சுகளைக் காட்டி, “துருக்கியில் கையால் முடிச்சுப் போட்டது, நூறு வருடப் பழசு” என்றார். பழைய கம்பளியின் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் கிளார்க். புதுக் கால்சட்டை, அதைவிடப் புது மீசை. எங்கள் எஞ்சினியருக்குக் கம்பளப் பைத்தியம். நாடு திரும்பிய வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவரிடம் வாங்கிய துருக்கிக் கம்பளம் அவருடைய பங்களாவில் விரித்துக் கிடந்தது. அதைப் பார்க்கவென்றே கொழும்பிலிருந்து சிநேகிதர்கள் வருவார்கள். கோட்டுப் போட்ட மனிதர்கள் குப்புறப் படுத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு நடுவில் கொஞ்சம் மங்கியிருந்தது. ஒரு தடவை காய்ச்சிய சாயத்து நூல் முடிந்து, அடுத்த தடவைச் சாயத்து நூல் தொடங்கிய இடமாம். எனக்கு அது பிழை, அவர்களுக்கு அதுதான் பெறுமதி. ஒரு முனையருகே இரண்டு இடம் தேய்ந்தும் இருந்தது. யாரோ நெடுங்காலம் முழந்தாளிட்டுத் தொழுத தடம் என்று சொல்லும்போது எஞ்சினியரின் குரலே தணிந்துவிடும்.

கேட்டதை யாருக்காவது அளக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பங்களா வாச்சர் கந்தையா அண்ணைக்கு அளந்தேன். மனிதர் திடுக்கிட்டுப் போனார்.

“கும்பிட்ட சாமானையோ தம்பி நாங்கள் மிதிச்சுத் திரியிறம்?”

“ஓம் அண்ணை. ஐயா லீவில போனாப்பிறகு சுருட்டி வையுங்கோவன்.”

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் பகிடியாக எடுக்கவில்லை. எஞ்சினியர் இரண்டு மாத லீவில் போனதும் கம்பளத்தைச் சுருட்டிப் பின்னறை மூலையில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் அதன் முன் ஒரு செவ்வரத்தம்பூ வைப்பார். நான் பார்த்துச் சிரித்தேன். அது மாரிகாலம். வழக்கம்போல விரித்து உதறியிருந்தால் கறையானைக் கண்டிருப்போம். எஞ்சினியர் வந்து விரித்தபோது, முடிச்சுகளைப் பிடித்திருந்த பருத்திநூலைக் கறையான் தின்று முடித்திருந்தது. சிவப்பும் நீலமுமாக முடிச்சுகள் நிலமெங்கும் கொட்டின.

“இதைச் சுருட்டி வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?” என்று எஞ்சினியர் கத்தினார்.

கந்தையா அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. “நானாத்தான் ஐயா.”

நான் கோப்புக்கட்டை அணைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். சொல்லவில்லை. அவரை வேலையால் நிறுத்தும் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். மனைவியையும் மூன்று பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உடையார்கட்டில் மைத்துனி வீட்டுக்குப் போனார். போகும்போது, “வாறன் தம்பி” என்று எப்போதும் போலத்தான் சொன்னார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

உடையார்கட்டு எட்டாத ஊரல்ல. அடுத்த ஞாயிறு போவோம், அடுத்த ஞாயிறு போவோம் என்று நாலு வருடத்தைக் கடத்தி, மாற்றலாகிப் போய்விட்டேன். இன்று அந்தப் பங்களாவும் இல்லை, அலுவலகமும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. கந்தையா அண்ணையின் பிள்ளைகள் எங்கே என்று சொல்ல, யுத்தத்துக்குப் பிறகு அந்த ஊரில் எவரும் இல்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க ஆளில்லாமல் போனபிறகுதான் எனக்கு வாய் வந்திருக்கிறது.