நீதானா என்று கேட்கிற வேலை

மெர்சிக்கு எதற்கெடுத்தாலும் தேங்க்ஸ் சொல்கிற வியாதி உண்டு. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்குச் சொல்வாள், அது சரி. ஏ.டி.எம். இயந்திரம் கார்டைத் திருப்பித் தந்தாலும் சொல்வாள். மழைக்கு முன்னால் துணி காய்ந்துவிட்டால் வெயிலுக்கும் ஒன்று. மாதனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவள் தெருக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஐந்து மாதம் நன்றி சொல்லாமல் முறைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆள் அமீர் பாஷா. ஆம்பூரில் அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

மெர்சி அந்தக் கம்பெனிக்குப் போனது பதினெட்டு வயதில், பிளஸ் டூ முடித்த மறுமாதம். பத்து வருஷத்துக்கு மேல் தையல் ஹாலில் இருந்தாள். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. கை சுத்தம், கண்ணும் கூர்மை என்று பார்த்து சாம்பிள் ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தார்கள். மௌஸைப் பிடித்த முதல் நாள், தையல் மெஷின் பெடலைத் தேடி அவள் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்ததாம். இப்போது அவள் வேலைக்குப் பெயர் கிரேடிங். நாற்பத்திரண்டு சைஸில் போட்ட ஒரு ஷூவின் பேட்டர்னை முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தாறு வரைக்கும் கூட்டியும் குறைத்தும் வரைந்து கொடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஆயிரக்கணக்கான ஜோடி கடிக்கும். மெர்சியின் ஷூ இதுவரை யார் காலையும் கடித்ததில்லை. இதை அவளே சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

புருஷன் இளம்பரிதியும் அதே கம்பெனிதான். அச்சில் தோலை இழுத்து ஒட்டுகிற லாஸ்டிங் செக்‌ஷன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க்கைக் கழுவ ஏறியவன் பாசியில் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். உயிர் வந்தது, கைகள் வந்தன, இடுப்புக்குக் கீழே எதுவும் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் பஸ் ஏறி வேலைக்குப் போவது நடக்காது. வேலையை விட்டால் அந்த வீடும் நடக்காது. மெர்சி ஜி.எம். அப்துல் வஹாப் முன்னால் போய் நின்றாள். வீட்டிலிருந்தே பார்க்கிறேன் சார் என்றாள்.

வஹாப் நெடுநேரம் பேனாவைத் திருகினார். "உன் வேலைக்காகத்தான் ஒத்துக்கறேன். ஆறு மாசம். நடுவுல ஒரே ஒரு தப்பு நடந்துச்சின்னா, மறுநாள் நீ பஸ்ல வந்துடணும். நம்ம பேட்டர்ன் வெளிய போச்சின்னா ஆர்டர் குடுக்கற பையர் நம்மள விட்டே போய்டுவான். புரியுதா?"

புரிந்தது. நான்கு தடவை தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தாள்.

பேட்டர்ன் போடும் மென்பொருள் கம்பெனியிலுள்ள அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். ஆகவே வீட்டிலிருந்தபடி அந்தக் கம்ப்யூட்டரையே இயக்க வேண்டும். சாம்பிள் ரூமில் ஒருத்தி, உதவுகிறேன் பேர்வழி என்று இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒன்றை ஏற்றி, ஐந்தே நிமிஷத்தில் வழி செய்து கொடுத்தாள். மெர்சிக்கு அது அதிசயமாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் ஆம்பூரில் இருக்கிற திரையில் அம்புக்குறி நகர்கிறது!

ஒரு வாரம்தான். அமீர் பாஷா அதைக் கண்டுபிடித்து அன்றைக்கே பிடுங்கி எறிந்தான்.

"இது ராத்திரி பகல் தொறந்தே கெடக்குதுக்கா. எவன் வேணா உள்ள வந்து உக்காரலாம்" என்று போனில் கத்தினான்.

பிறகு அவன் செய்த ஏற்பாடு மெர்சியைப் படுத்தி எடுத்தது. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் மட்டும்தான் வேலை. முதலில் கம்பெனிக்கென்று போட்ட தனி வழிக்குள் நுழைய வேண்டும். பாஸ்வேர்டு போட வேண்டும். போட்டதும் லேப்டாப் திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று வரும். அதே நேரம் அவள் போன், 'உள்ளே வருவது நீங்கள்தானா?' என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால் மட்டும் போதாது. திரையில் வந்த எண்ணைப் போனில் அடித்தால்தான் கதவு திறக்கும். பதினைந்து நிமிஷம் தொடாமல் விட்டால் எல்லாம் மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து.

"அமுக்குனா போதாதா தம்பி? அந்த நம்பர் வேற எதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்றான். அவ்வளவுதான் பதில்.

புருஷனைப் புரட்டிப் போட்டு, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு வருவதற்குள் லேப்டாப் மூடியிருக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அமீர் பாஷாவைத் திட்டிக்கொண்டேதான் திறந்தாள்.

இதற்கு அந்த வீட்டில் ஒரு வழி பிறந்தது. போன் எப்போதும் இளம்பரிதியின் தலைமாட்டில் கிடக்கும். மெர்சி அடுத்த அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, "அறுவத்தி மூணு!" என்று குரல் கொடுப்பாள். அவன் போனில் ஆமாம் அமுக்கி, அறுபத்து மூன்றை அடிப்பான். "போட்டாச்சி!" என்பான். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து யாருக்காவது அவன் செய்து கொடுத்த முதல் வேலை அதுதான். பார்க்க வருகிறவர்களிடம், "நான் கதவத் தொறந்தாதான் கம்பெனில வேலையே ஓடும்" என்று பீற்றிக்கொள்வான். சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று நினைத்து மெர்சியும் அதை விட்டுவிட்டாள். போனை இன்னொருவர் கையில் தரக்கூடாது என்று அமீர் பாஷா சொல்லியிருந்தான்தான். இவர் என்ன இன்னொருவரா?

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மெர்சி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கமலம் வீட்டு மோட்டாரில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான்கு குடத்தையும் நிரப்பிக்கொண்டு வந்தால், இளம்பரிதி எரிச்சலோடு இருந்தான்.

"எங்க போய்ட்ட? போன் கேட்டுக்கினே இருக்குது. நம்பர் இன்னான்னு எத்தினி வாட்டி கத்துறது?"

"இன்னா நம்பர்?"

"கம்பெனி நம்பர்தான். நேரமாச்சின்னா மூடிக்கும்னு நீ திட்டுவியேன்னு, நானே நாப்பத்திரெண்டு போட்டேன். ஜென்ட்ஸ் சாம்பிள் சைஸு இல்ல? எடுக்கல. திரும்பக் கேட்டுச்சி. லேடீஸ் ஆர்டரோ என்னவோன்னு முப்பத்தேழு போட்டேன். அதையும் எடுக்கல."

மெர்சி மேசையைப் பார்த்தாள். லேப்டாப் மூடியபடியே இருந்தது. குடத்தை எங்கே வைத்தோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நான் தொறக்கவே இல்லியேங்க" என்றாள்.

அவள் திறக்கவில்லை என்றால் வேறு எவனோ திறக்கிறான். அவள் பாஸ்வேர்டு அவன் கையில் இருக்கிறது. இவள் புருஷன் அவனுக்கு ஆமாம் சொல்லி, இரண்டு தடவை எண்ணும் போட்டுப் பார்த்திருக்கிறான். இளம்பரிதிக்கும் விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

"சொல்லாத மெர்சி" என்றான் மெதுவாக. "நம்பர் தப்பாத்தான போட்டேன். எவனும் உள்ள போவல. சொன்னா உன்ன பஸ்ல வரச் சொல்லிடுவாங்க. அப்புறம் என்ன யாரு..." முடிக்கவில்லை.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மெர்சி கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் திரும்ப வருவான். அவள் கம்ப்யூட்டரில் இருப்பது அடுத்த குளிர்காலத்துக்கான ஷூ முழுக்க. அது போனால் தையல் ஹாலில் நானூறு பெண்களுக்கு வேலை இல்லை. அவர்களில் பாதிப் பேரோடு அவள் ஒரே பஸ்ஸில் போய் வந்தவள். தலைமாட்டிலிருந்து போனை எடுத்தாள். அமீர் பாஷாவைக் கூப்பிட்டாள்.

அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். "லேப்டாப்பத் தொடாதீங்க. போன்ல திரும்பக் கேட்டா 'இல்ல' அமுக்குங்க. ரெண்டு நிமிஷம்." இரண்டு நிமிஷத்தில் கம்பெனிக் கம்ப்யூட்டரில் அவள் பெயரையே பூட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். "இப்பச் சொல்லுங்க. பாஸ்வேர்டு இன்னா வச்சிருந்தீங்க?"

மெர்சி சொன்னாள். கம்பெனி பெயர், அதை ஒட்டி அந்த சீசனில் ஓடுகிற ஷூவின் மாடலைக் குறிக்கிற ஆர்ட்டிக்கிள் நம்பர். சாம்பிள் ரூமில் எல்லோரும் வைப்பது அப்படித்தான். நாள் முழுக்கக் கண் முன்னால் கிடக்கிற நம்பர், மறக்கவே மறக்காது.

அவன் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, அந்த நம்பர் ஷூ பெட்டி மேல ஸ்டிக்கர்ல ஒட்டி இருக்குது இல்ல?" என்றான்.

இருந்தது. பெட்டி பெட்டியாக, கப்பல் கப்பலாக, உலகம் முழுக்கத் தங்கள் பூட்டின் சாவியைத் தாங்களே ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் வஹாப் கூப்பிட்டு அனுப்பினார். மெர்சி புருஷனைக் கமலத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். பழைய இடத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் நலம் விசாரித்தார்கள், அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அறைக்குள் நுழைந்தாள். அமீர் பாஷா ஓரமாக நின்றிருந்தான்.

"போன் யார் கையில இருந்துச்சி?" என்றார் வஹாப்.

"வீட்டுக்காரர் கையில சார். என் தப்பு. நான்தான் குடுத்தேன்."

"ஏன் குடுத்த?"

"அவருக்கு வேற வேலை இல்ல சார்."

வஹாப் பேனாவைத் திருகவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். இளம்பரிதி அவரிடம் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவன்.

அமீர் பாஷா மெதுவாகச் சொன்னான். "சார், நேத்து பதினோரு பேர் பேர்ல முயற்சி பண்ணியிருக்காங்க. எல்லாம் ஒரே மாதிரி பாஸ்வேர்டு. அதுல ரெண்டு பேருக்கு நான் இன்னும் இந்த நம்பர் ஏற்பாட்டப் போடல, நல்லவேளை அவங்க பாஸ்வேர்டு அவனுக்கு இன்னும் மாட்டல. இவங்க ஒருத்தங்க போன் பண்ணதாலதான் மத்தவங்களதும் மாத்த முடிஞ்சிது. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா, பேட்டர்ன் போயிருக்கும்."

வஹாப் இவளைத் திரும்பிப் பார்த்தார். "வீட்லயே பாரு. ஆறு மாசம்னு சொன்னத மறந்துடு. ஆனா போன் உன் கையவிட்டுப் போகக்கூடாது. வீட்டுக்காரர் கைக்குக்கூட."

மெர்சிக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தேங்க்ஸ் சொன்னாள். வெளியே வந்து, வராந்தாவில் அமீர் பாஷாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அந்த நம்பர் எதுக்குன்னு கேட்டேனே தம்பி. தெனம் உன்னத் திட்டுனேன். நீ நல்லா இருக்கணும்." அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

வீட்டில் அந்த நல்ல சேதியைச் சொல்வது சுலபமாக இருந்தது. அடுத்ததைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போனைத் தலைமாட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். இளம்பரிதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அமீர் பாஷா புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுக்க வந்தான். வந்த வேலை முடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணா, ஒரு உதவி வேணும்."

"என்னால இன்னா உதவி தம்பி?"

"அக்கா ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ தொறக்கறாங்க. கை பழகிடும். யோசிக்காம அமுக்கற கைதாண்ணா ஆபத்து. அவங்க போன எடுக்கும்போதெல்லாம் 'நீதானா'ன்னு சத்தமா கேக்கணும். அவங்க லேப்டாப்பப் பாத்துட்டுப் பதில் சொன்னப்புறம்தான் அமுக்கணும். உங்கள விட்டா இங்க வேற ஆள் இல்ல."

இளம்பரிதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுதலுக்குச் சொல்கிறானா, நிஜமாகவா என்று தேடுகிற பார்வை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. போன் சிணுங்கினால் போதும், "நீதானா?" என்று கட்டிலிலிருந்து குரல் வரும். "நான்தான்" என்பாள். வேலை நெருக்கடியில் சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். அவன் விடமாட்டான். பதில் வராவிட்டால் இன்னும் சத்தமாகக் கேட்பான், கமலம் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம். மெர்சி அவனைப் புரட்டிப் போட்டுவிட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் சிணுங்கியது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், விரல் ஆமாம் பக்கம் போய்விட்டது.

"நீதானா?" என்றான், தலையணைக்குள்ளிருந்து.

மெர்சி நின்றாள். லேப்டாப் மூடியிருந்தது. 'இல்லை' என்று அமுக்கிவிட்டு அமீர் பாஷாவைக் கூப்பிட்டாள்.

அவன் சிரித்தான். "நான்தான்க்கா அனுப்புனேன், சும்மா சோதனைக்கு. எட்டு பேருக்கு அனுப்புனேன். அஞ்சு பேர் கண்ண மூடிக்கினு ஆமாம் அமுக்கி, நம்பர் எங்கன்னு தேடுறாங்க. இல்லன்னு அமுக்கி உடனே போன் போட்டது உங்க வீடு மட்டும்தான். அண்ணன் கிட்ட சொல்லிடுங்க."

"நீயே சொல்லு தம்பி" என்று மெர்சி போனின் ஸ்பீக்கரை அழுத்திப் புருஷன் காதருகே பிடித்தாள். கையில் கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். அமீர் பாஷா எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னான்.

இளம்பரிதி கேட்டு முடித்தான்.

"ஜி.எம். சாருக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும்ணா. இளம்பரிதி டூட்டில இருக்கானான்னு கேட்டாரு."

மெர்சி அன்று யாருக்கும் தேங்க்ஸ் சொல்லவில்லை. பாதியில் விட்ட முதுகைத் துடைத்து முடித்து, சட்டையை இழுத்துவிட்டாள். "கொஞ்சம் சீக்கிரம் முடி" என்றான் அவன், "மணியாவுது, நீ லேப்டாப்பத் தொறக்கணும். நான் கேக்கணும் இல்ல?"