சத்தமில்லாமல் ஓடிய பாட்டு

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடவும் செய்வாள். போன மழைக்காலத்தில், நாங்கள் குடியிருக்கும் மலையாள ஊரில், கிழக்கேகோட்டை ஸ்டாப்பில் பஸ்ஸுக்காக நனைந்துகொண்டு நிற்கும் ஒருத்தியைப் பற்றி ஒரு பாட்டு கட்டினாள். துணி பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு போனில் பதிவு செய்தாள். அப்படிப் பாடினால் எதிரொலி வராதாம். ஃபிரிட்ஜை அணைப்பதும், யாரும் காலிங் பெல்லை அமுக்கிவிடாமல் தெருவாசலில் காவல் நிற்பதும் எனக்குக் கிடைத்த உத்தியோகம்.

பாட்டை எல்லா ஆப்களிலும் போட்டுத் தர ஒரு கம்பெனி இருந்தது. அதற்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, முகம் தெரியாதவா நூறு பேர் கேட்டாப் போறும். அடுத்த பாட்டு எழுதுவேன். இல்லேன்னா இதோட விட்டுடுவேனாக்கும்."

எனக்குப் பகீரென்றது. அவள் சொன்னால் சொன்னதுதான். ஒருநாள் காலை காப்பியை விட்டேன் என்றாள். அதோடு சரி, இன்றுவரை தொடவில்லை.

அவள் வழி நிதானமான வழி. பாட்டில் நெஞ்சில் ஒட்டுகிற இரண்டு வரியை மட்டும் வெட்டி, மழையில் பஸ்கள் நிற்கிற படத்தோடு அரை நிமிஷ வீடியோவாகப் போட்டாள். கீழே பாட்டின் வரிகளைத் தமிழிலும் மலையாள எழுத்திலும் கொடுத்தாள். யார் எழுதினாலும் பதில் எழுதினாள். பக்கத்தில் தம்பானூர் ஓட்டல் ஒன்றில் வேலை செய்யும் தென்காசிக்காரர் ஒருவர், "அக்கா, நானும் தெனம் அங்கனதான் பஸ்ஸுக்கு நிக்கேன்" என்று எழுதியிருந்தார். அதை என்னிடம் நாலு தடவையாவது காட்டியிருப்பாள். முதல் வாரம் முடிந்தபோது முப்பது சொச்சம் பேர் கேட்டிருந்தார்கள். அவளுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. பொறுமை இல்லாத ஜன்மம் நான்தான்.

அவளுக்குத் தெரியாமல் சொந்தக்காரர்களை எல்லாம் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். "பாட்டைப் போட்டு, முடிஞ்சா மறுபடி தானே ஓடற மாதிரி வச்சுடுங்கோ. தொந்தரவா இருந்தா சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சுக்கலாம்" என்று உத்தரவும் போட்டேன். கல்யாணத்தில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் நழுவுகிற கூட்டம் இதற்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தது, பாருங்கள்! என் அத்திம்பேர் போன் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டார். "டிவி பாட்டுக்கு டிவி ஓடறது, பாட்டு பாட்டுக்குப் பாட்டு ஓடறது. காலம்பறலேர்ந்து நிறுத்தவே இல்லை, கேட்டோ!"

நான் மட்டும் சளைத்தவனா? ஆபீஸ் மேஜை டிராயரில் போனைச் சார்ஜரோடு வைத்துப் பூட்டி ஓட்டினேன்.

பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கூவினாள். "ஏன்னா, ஆயிரம் தாண்டிடுத்து! யாரோ கேக்கறா, பாத்தேளா, யாரோ கேக்கறா!" அன்றே அடுத்த பாட்டுக்குப் பல்லவி எழுத உட்கார்ந்துவிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஒரு வாரமும் வரவில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இத்தனை தடவையும் ஒரே ஊரில் ஒரு சில போன்களிலிருந்து இடைவிடாமல் ஓடியிருக்கிறது, இது எண்ணிக்கையைக் கூட்டச் செய்த வேலை, அதனால் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அந்த அரை நிமிஷ வீடியோவிலும் படம் மட்டும் இருந்தது, பாட்டு போய்விட்டது.

"யாராக்கும் இது செஞ்சது?" என்றாள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவளோ கணக்கு டீச்சர், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அத்திம்பேர் கேட்டாரா?"

"அவர் டிவி பாத்துண்டிருந்தார்."

"உங்க மன்னி?"

"சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தாளாம்."

"நீங்க?"

"டிராயர்ல..."

"இந்த ஓட்டினதெல்லாம் விடுங்கோ. அதுக்கு முன்னாடி, பாட்டு வந்த அன்னிக்கே உங்களுக்கு லிங்க் அனுப்பினேனே? ஒரே ஒரு தடவை? முழுசாக் கேட்டேளா?"

லைக் போட்டிருந்தேன். குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். பாட்டைக் கேட்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமே, வீட்டுப் பாட்டுதானே என்று இருந்துவிட்டேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவள் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மொதல் வாரம் கேட்ட முப்பது சொச்சம் பேர்ல மத்தவா யாரு என்னன்னு நேக்குத் தெரியாது" என்றாள். "நீங்க ஒருத்தர்னு மட்டும் நிச்சயமா நெனச்சிண்டிருந்தேன்."