ஆறாம் நாள் பாடம்

என் மகள் பள்ளிக்கூட வேலைக்காகக் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். அந்த ஈர வாசனை என்னை எண்பதுகளின் கடத்தூருக்கு, அம்மா ஞாயிறு பள்ளி நடத்திய ஓட்டுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனது.

உலகம் உண்டான கதையை அம்மா ஏரிக் களிமண்ணை வைத்துத்தான் சொல்லித்தருவார். ஒரு வாரம் ஐந்தாம் நாள் படைப்பான மீனும் பறவையும் செய்வோம். மறு வாரம் ஆறாம் நாளின் மனிதன். ஒரு வருடம் அந்த இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவில்தான் என் மூன்று வயதுத் தம்பி ஜான்சன் கிணற்றில் விழுந்து இறந்துபோனான்.

"இந்த வாரம் வேணாம் மேரி. வேற யாராச்சும் பாத்துக்கட்டும்" என்றார் அப்பா.

"புள்ளைங்க வந்து காத்திருக்குங்க" என்று அம்மா மண் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஒன்பது வயதான நான் பின்னாலேயே போனேன்.

அம்மா அழாமல்தான் பாடம் நடத்தினார். கடவுள் மண்ணால் மனிதனைச் செய்தார், அவன் மூக்கில் ஊதினார், உயிர் வந்தது என்றார். முன்வரிசையில் இருந்த செல்வி தன் பொம்மையை ஊதிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், நாம ஊதுனா உசுரு வராதுங்களா?"

அம்மாவின் விரல்கள் மண்ணிலேயே நின்றுவிட்டன.

"வராது கண்ணு" என்றார். "நான் ரொம்ப நேரம் ஊதிப் பாத்தேன்."

செல்விக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கிணற்றடியில் அன்று கூட்டம் என்னைக் கிட்டே விடவில்லை. தம்பியின் முகத்தின் மேல் குனிந்திருந்த அம்மா அவனுக்கு முத்தம் கொடுக்கிறார் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.