கன்னத்தில் நடந்த பரிசோதனை

போன வாரம் ஒரு கடையில் விற்பனைப் பெண் என் புறங்கையில் க்ரீம் தடவி, அதில் கோதுமை முளை எண்ணெய் இருப்பதாகச் சொன்னார். மோந்து பார்த்தேன். பச்சைத் தானிய வாசனை. அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. நான் நினைவில் பெங்களூர் பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டிருந்தேன்.

அங்கே பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் க்ரீம் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, ஒரு மிக்ஸர், மூன்று பேர். முதலாளி நாகராஜ் சார் கன்னடக்காரர், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் பிலோமினா அக்கா க்ரீம் கலக்குவார். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ராணிப்பேட்டையிலிருந்து வந்த நான்தான் விஞ்ஞானி.

தாவர எண்ணெய்களில் ஆன்டி ஆக்ஸிடன்ட் உண்டு, சருமத்துக்கு நல்லது என்று முதல் நாளே அக்காவுக்கு வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கவலையோடு விசாரித்தார்:

"எந்த ஆன்ட்டிக்குப்பா ஆக்ஸிடென்ட்டு?"

எங்கள் க்ரீமில் கோதுமை முளை எண்ணெய், பாதாம் எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் உண்டு. முதலில் எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. அடுத்த முறை நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாகிவிட, கீழே பஞ்சர் கடைக்காரர் மேலே வந்து இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருவழியாக க்ரீம் சேர்ந்து வந்த நேரம், பெரிய கடை ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் பார்க்க வருவதாகத் தகவல். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்றார் சார்.

அதனால் என் முகம் பரிசோதனைக் களமானது. இடது கன்னத்துக்கு மட்டும் இரண்டு வாரம் க்ரீம். வலது கன்னம் பெங்களூர் ஜனவரிக் காற்றுக்கு. தினமும் நோட்டில் குறித்தேன்.

அந்த அம்மாள் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தக்காளி பொறுக்குவதுபோல என் இரண்டு கன்னங்களையும் அமுக்கிப் பார்த்தார்.

"வலது பக்கந்தானே போட்டீங்க? நல்லா சாஃப்டா இருக்கு."

நாகராஜ் சார் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். நானும் ஆட்டத்தான் நினைத்தேன். ஆனால் நோட்டு மேஜைமேல் விரித்தபடி கிடந்தது.

"இல்ல மேடம், இடது," என்றேன்.

மிக்ஸரைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பினார்.

"தம்பி, நீ எந்தப் பக்கம் சாஞ்சு படுப்ப?"

"வலது பக்கம்க்கா."

"படுக்கறப்ப தலைக்கு எண்ண வெப்பியா?"

வைப்பேன். முடி கொட்டும் பயத்தில் அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெய் வைப்பேன். தலையணை உறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, விடியும்வரை என் வலது கன்னத்துக்குப் பூசிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. இடது கன்னமும் மோசமில்லை, தேங்காயெண்ணெயும் சேர்த்துக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சேர்த்தோம். ஆர்டர் வந்தது. அதுவரை என்னோடு பேசாமலிருந்த சார், மறுநாள் இரண்டு புதுத் தலையணை உறைகளை என் கையில் வைத்தார். "வாரம் ஒரு தடவ மாத்துப்பா" என்றார்.

மூன்று வருடம் ஓடியது கம்பெனி. பிறகு சார் மிக்ஸரை விற்றுவிட்டு மகளோடு மைசூருக்குப் போய்விட்டார். அக்காவின் நம்பரை அழைத்தால் இப்போது யாரோ கன்னடத்தில் ராங் நம்பர் என்கிறார்கள்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். பஞ்சர் கடை இல்லை. மாடியில் நாய்களுக்கு அழகு நிலையம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாய் ஷாம்பு நுரைக்குள் நின்றுகொண்டிருந்தது. மிக்ஸர் இருந்த மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு வர ஆசைதான். உள்ளே போக வேண்டுமென்றால் கையில் ஒரு நாய் வேண்டும். என்னிடம் நாய் இல்லை.