பென்டில் ஹில்லில் மீன்தலைகள்

ரயிலைத் தவறவிட்டு, மழைக்காகப் பென்டில் ஹில் தமிழ்க் கடையொன்றில் ஒதுங்கி நிற்கிறேன். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த மீன்தலைப் பொட்டலத்தைத் திரும்பவும் உள்ளேயே போடுகிறார்.

“வாங்கலையா அன்ரி?”

“மகன்ர வீட்டில மணக்குமெண்டு பேசுவினம். முந்தி இங்கிலாந்தில இருக்கேக்க, எங்கட டவுன் மீன்கடைக்காரன் தலையெல்லாம் எனக்கெண்டு எடுத்து வைப்பான். பூனைக்கெண்டு நினைச்சவன். நானும் ஓமெண்டிட்டன். சாப்பிட்டது என்ர மனுசன்.”

மழை விடுவதாக இல்லை. அவர் ஃப்ரீசர் கண்ணாடியில் கையை வைத்தபடியே நிற்கிறார்.

“மனுசன் செத்தாப் பிறகு கடைக்குப் போனன். வழமை போலத் தலையளை நீட்டினான். ‘பூனை செத்துப்போச்சு’ எண்டன். அவன் கத்தியை வச்சுப்போட்டு வெளியில வந்து என்ர கையைப் பிடிச்சான். அண்டைக்குத்தான் தம்பி, நான் வடிவா, வாய்விட்டு அழுதனான்.”